ஏற்றத்தில் ஒரு நபர் அதிகம்

வீட்டு முன்னறையில் செயற்கைப் பல் கட்டிக் கொடுக்கிற பல்செட்டுக்காரரின் கார் ஏற்றம் ஏறாது என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். ஏறும். அவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தால் முக்கி முனகி, கடைசியில் எப்படியோ உச்சியில் கொண்டுபோய் விட்டுவிடும். இரண்டாவதாக ஒரு ஆள் ஏறினால்தான் வம்பு. வளைவு வருவதற்கு முன்பே மூச்சு வாங்க ஆரம்பித்து, வளைவில் நின்றே போய்விடும். பிறகு ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பின்னால் வருகிறவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அதனால் அந்த வீட்டில் ஒரு ஏற்பாடு இருந்தது. காலையில் கணவனும் மனைவியும் ஜோடியாகக் காரில் கிளம்புவார்கள். ஏற்றத்தின் அடியில் மனைவி இறங்கிக்கொள்வாள். அவளுடைய கைப்பை, சாப்பாட்டு டப்பா, குடை மூன்றும் பின் சீட்டில் சொகுசாக ஏறிப் போகும். உரியவள் நடந்து போவாள். உச்சியில் அவர் வண்டியை ஓரம்கட்டி, பானெட்டைத் திறந்து காற்று வாங்க வைத்து, தானும் காற்று வாங்கிக்கொண்டு நிற்பார். அவள் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்ததும் மறுபடி ஜோடியாக ஏறி, கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஆஸ்பத்திரி வாசலில் போய் இறங்குவார்கள். பார்த்தவர்கள், கொடுத்து வைத்தவள், புருஷன் தினமும் காரில் கொண்டுவந்து விடுகிறான் என்றார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. முதல் நாள் ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வந்து உட்கார்ந்திருக்கும் நோயாளிகள் அவள் தாமதமாக வரும்போது பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதைப் பரிசோதனைக்கு அனுப்பினால் விஷம் என்று முடிவு வரும். வாரத்தில் பாதி நாள் தாமதம். தலைமை நர்ஸ் இரண்டு முறை எச்சரித்துவிட்டு, மூன்றாம் முறை கொஞ்சம் இறங்கிவந்து, ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே விடுதியில் ஓர் அறை காலியாக இருக்கிறது, வந்து தங்கிக்கொள், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்வா என்றாள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

இதை மனைவி சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். புகாராகச் சொல்லவில்லை. "ரூம்ல ஜன்னல் கிழக்க பாத்து இருக்காம்" என்று மட்டும் சொன்னாள். பல்செட்டுக்காரர் பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் விட்டுவிட்டார். அவள் அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பார். ஜன்னல் எந்தத் திசை என்று விசாரித்து வைத்திருக்கிறாளே, அதுதான் அவரை ஆட்டிவிட்டது. அவளில்லாமல் அந்த வீட்டில் அவரால் ஒரு வாரம் இருக்க முடியாது. உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாதது மட்டும் காரணமில்லை.

மறுநாளே மெக்கானிக்கிடம் ஓடினார். மெக்கானிக் பானெட்டைத் தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்து, பாவம்போல ஒரு பெருமூச்சு விட்டான்.

"அண்ணே, இது தையல் மிஷினுக்குச் செஞ்ச இன்ஜின். கைதவறி கார்ல மாட்டிட்டாங்க."

"வேற ஏதாவது வழி இருக்கா?"

"இருக்கு. போன வாரம் ஒரு வேன் பள்ளத்துல உருண்டுச்சு. வேன் போயிருச்சு, இன்ஜின் பொழைச்சிருச்சு. உங்க இன்ஜின மாதிரி ரெண்டு பங்கு. அத இதுல எறக்கிட்டா, குடும்பத்தோட மட்டும் இல்ல, வீட்டையே தூக்கி வச்சிக்கிட்டு மேல போகலாம்."

"முன்பக்கம் கனம் தாங்குமா?"

"அதுவும் யோசிக்க வேண்டியதுதான்."

"பிரேக் பழசாச்சே?"

"அதுவும் உண்மைதான்."

"கியர்பாக்ஸ் பிச்சிக்கிட்டுப் போயிடாதே?"

"போகலாம். போகாமயும் இருக்கலாம்." எதற்கும் ஆமாம் போடுகிற மெக்கானிக்கிடம் யோசனை கேட்பதைவிடச் சுவரிடம் கேட்கலாம். "ஆனா அண்ணே, எதுவா இருந்தாலும் வாரியத்துல அனுமதி வாங்கிட்டு வந்திருங்க. இல்லாம மாட்டுனா வண்டியையும் தூக்கிருவாங்க, என்னையும் தூக்கிருவாங்க. மாசக் கடைசி வரைக்கும் இன்ஜின யாருக்கும் குடுக்காம வைக்கிறேன்."

வாரியம் என்று அவன் சொன்னது வாகன உள்ளுறுப்பு மாற்றுப் பரிசீலனை வாரியம். ஒரு காலத்தில் யாரோ ஓர் ஆள் முன்பின் யோசிக்காமல் பெரிய இன்ஜினை மாட்டிக்கொண்டு போய், அப்போதைய ஓர் அமைச்சர் வீட்டு மதிலை இடித்து உள்ளே நுழைந்து, அவர் மீன் தொட்டி வரைக்கும் போய்விட்டான். அன்றைக்கு உண்டாக்கியது. மீன்கள் என்ன ஆயின என்று தெரியவில்லை. வாரியத்துக்கு மூன்று மாடிக் கட்டடம் ஆயிற்று.

காத்திருப்போர் கூடத்தில் பழைய கார்களிலிருந்து கழற்றிய சீட்டுகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். உட்கார்ந்ததும் சேவகர் வந்து பெல்ட்டை மாட்டிவிட்டார். கூடம் எங்கும் நகராது என்று பல்செட்டுக்காரர் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். "விதி சார். போன வருஷம் ஒருத்தர் பெல்ட் போடாம உக்காந்து தூங்கி விழுந்துட்டாரு" என்றார் சேவகர். முறை வரும்போது அவரே வந்துதான் அவிழ்த்துவிட வேண்டும். அவர் டீ குடிக்கப் போயிருந்ததால் பல்செட்டுக்காரர் தன் முறை வந்து, கூப்பிட்டு, கடந்து போவதைக் கட்டுண்டபடி பார்த்துக்கொண்டிருந்தார். கால் மட்டும் நிலைகொள்ளாமல் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

அடுத்த சுற்றில் ஒரு வழியாக விசாரணை மேசைக்குப் போய்ச் சேர்ந்தார். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"முடிவு பண்ணிட்டு வந்திருக்கீங்களா, முடிவு பண்ண வந்திருக்கீங்களா?"

"மாத்திடலாம்னு ஒரு முடிவுக்கு..."

"நிறுத்துங்க!" அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். "நீங்க சொன்னது என் காதுல விழல. நல்ல மனுஷரா தெரியுறீங்க, அதனால சொல்றேன். முடிவு பண்ணிட்டு வந்து அனுமதி கேட்டா, அப்புறம் வாரியம் எதுக்கு? ரப்பர் ஸ்டாம்பா? உடனே தள்ளுபடி ஆயிடும்."

"சரிம்மா. இன்னும் முடிவு பண்ணல."

"முடிவே பண்ணாம வந்தா வாரியத்தோட நேரத்த வீணடிச்சதா ஆகும். அதுக்குத் தனி நடவடிக்கை."

"அப்போ மனுஷன் எப்படித்தாம்மா வர்றது?"

"தயங்கிக்கிட்டு வரணும்" என்றாள் அம்மாள், குழந்தைக்குச் சொல்வதுபோல. "உரிய தயக்கம். கொஞ்சமாத் தயங்கினா அலட்சியம். ரொம்பத் தயங்கினா கோழைத்தனம். எங்க தயக்க அலுவலர் வீட்டுக்கு வந்து பாப்பாரு. தயக்கம் சரியா இருக்குன்னு அவர் சான்று குடுத்தா மேல பேசலாம்."

சொன்னபடியே தயக்க அலுவலர் வந்தார். மெலிந்த, மிகவும் மரியாதையான மனிதர். வாசலில் செருப்பை இடப்பக்கம் விடுவதா வலப்பக்கம் விடுவதா என்று வெகுநேரம் நின்றார். தொழில் பழக்கம். உள்ளே வந்து மூலை நாற்காலியில் உட்கார்ந்து, "நான் இங்க இல்லன்னு நெனச்சுக்குங்க. நீங்க பாட்டுக்குத் தயங்குங்க" என்றார்.

சும்மா சொல்லக்கூடாது, பல்செட்டுக்காரர் அன்றைக்கு யாரையும் ஏமாற்ற வேண்டியிருக்கவில்லை. முன்னறையில் பல் வார்ப்புகளுக்கு நடுவே இங்குமங்கும் நடந்தார். பெரிய இன்ஜின் போட்டால் பிரேக் போகும், போடாவிட்டால் பெண்டாட்டி போவாள் என்று எண்ணி ஜன்னலைத் திறந்தார், மூடினார். யாருக்கோ செய்துகொண்டிருந்த மேல்வரிசைப் பல்லில் ஒரு கடைவாய்ப் பல்லை வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். அலுவலர் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீ கொண்டுவந்த மனைவியிடம், "இவர் எப்பவும் இப்படித்தானாம்மா, இல்ல எங்களுக்காகவா?" என்று கேட்டார்.

"எப்பவுமேதான் சார். என்னப் பாத்துட்டுப் போயி, சரின்னு சொல்ல ஒரு வருஷம் எடுத்துக்கிட்டாரு. அதுக்குள்ள எனக்கே இவர் மூஞ்சி மறந்துபோச்சு."

"குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்கா?"

"இவங்க அப்பா குடை எடுத்துக்கிட்டுப் போறதா வேண்டாமான்னு வாசல்லயே நின்னு, மழை விட்டதுக்கு அப்புறமாத்தான் வெளிய போவாராம்."

அலுவலர் முகம் மலர்ந்தது. எழுதிக்கொண்டார். டம்ளரை நீட்டிக்கொண்டே மனைவி, "எனக்கும் லைசென்ஸ் இருக்கு சார். மூணு வருஷமா பீரோவுல கெடக்கு" என்றாள்.

"அது இந்தப் பரிசீலனையில வராதும்மா" என்றார் அலுவலர்.

"அது டிரைவிங் ஸ்கூல் வண்டியில எடுத்தது சார்" என்று பல்செட்டுக்காரர் குறுக்கே புகுந்தார். "இந்த வண்டிக்கு ஒரு கைப்பக்குவம் வேணும். சோக்க இழுத்து, கிளட்ச அரை மனசா விட்டு, கொஞ்சம் கெஞ்சி, கொஞ்சம் திட்டி... அது எல்லாருக்கும் வராது."

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரிடம் தயக்கமே இல்லை என்பதை அலுவலர் கவனிக்கவில்லை. மனைவி கவனித்தாள். காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

முதல் தரத் தயக்கம் என்று சான்று வந்தது. அதை எடுத்துக்கொண்டு பறந்து போன பல்செட்டுக்காரரிடம், அடுத்த கட்டம் பழைய இன்ஜினின் தரப்பைக் கேட்பது என்றார்கள்.

"இன்ஜினுக்கு என்ன தரப்பு சார்?"

சட்ட உறுப்பினர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "இத்தனை வருஷம் உங்களுக்கு உழைச்ச ஒரு உறுப்ப வெளிய தள்ளப் போறீங்க. அது பக்கத்து நியாயத்தக் கேக்காம நாங்க உத்தரவு போட்டா, நாளைக்கு எவனாவது வழக்குப் போட மாட்டான்னு என்ன நிச்சயம்?"

"இன்ஜின் வழக்குப் போடாது சார்."

"இதுவரைக்கும் போட்டதில்ல. ஏன்? நாங்க கேட்டுக்கிட்டு இருக்கோம், அதனால."

விசாரணை வாரியத்தின் முற்றத்தில் நடந்தது. நான்கு உறுப்பினர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நடுவில் தலைவர். அவருக்கு வலப்பக்கம் சட்ட உறுப்பினர், இடப்பக்கம் ஓசை உறுப்பினர். ஓரத்தில் பொதுமக்கள் பிரதிநிதி. இந்தக் கடைசி ஆள் நியமனமான நாளிலிருந்து வாய் திறந்ததில்லை. அவரிடம் யாரும் எதுவும் கேட்டதுமில்லை. சேவகர் காரின் முன்னால் வந்து நின்று, "பழைய இன்ஜின்! பழைய இன்ஜின்! பழைய இன்ஜின்!" என்று மூன்று முறை கூப்பிட்டார். பதில் வராததால், வரவில்லை என்று எழுதப் போனார்கள். பல்செட்டுக்காரர் பதறிப்போய் சாவியைத் திருகினார். இன்ஜின் இருமியது, ஒரு குலுக்குக் குலுக்கியது, பிறகு ஓட ஆரம்பித்தது.

சுருக்கெழுத்தர் எழுதிக்கொண்டே வந்து சட்டென்று தலை தூக்கினார். "சார், இது 'தடதட'வா, 'தடக் தடக்'கா?"

ஓசை உறுப்பினர் கண்ணை மூடிக் கேட்டார். "'தடதட'ன்னா சம்மதம். 'தடக் தடக்'னா ஆட்சேபம். நடுவுல ஒரு இருமல் வேற வருது. அது அழுகையா, எண்ணெய்க் கோளாறான்னு தனியா ஒரு துணைக்குழு போட்டுத்தான் பாக்கணும்."

"எண்ணெய் சார். நான்தான் ஊத்த மறந்துட்டேன்" என்றார் பல்செட்டுக்காரர்.

"கவனிப்பு இல்லன்னு அதுவே சொல்லுது, எழுதிக்கோ" என்றார் சட்ட உறுப்பினர்.

மாதக் கடைசி கிட்ட வந்துகொண்டிருந்தது. தினமும் மெக்கானிக் போன் பண்ணி, இன்னொருத்தர் இன்ஜினைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் என்றான். தினமும் மனைவி ஏற்றம் ஏறி வந்தாள். வீட்டில் அவளுடைய பழைய பெட்டி பரணிலிருந்து இறங்கி, துடைத்து, சுவரோரமாக நின்றிருந்தது. அதில் என்ன வைத்திருக்கிறாள் என்று பார்க்கப் பல்செட்டுக்காரருக்குத் தைரியம் வரவில்லை. அது இருந்த பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு நடந்தார். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் தலைவரின் அறைக்குள் நேராகப் போய்விட்டார்.

தலைவர் கோபித்துக்கொள்ளவில்லை. உட்காரச் சொன்னார். பேசும்போது அவருடைய கீழ்வரிசைப் பல்செட் ஒவ்வொரு நீண்ட சொல்லுக்கும் ஒரு துள்ளு துள்ளியது. வேறு எவனோ கட்டியது. பல்செட்டுக்காரருக்குக் கை அரித்தது.

"உங்க அவசரம் எனக்குப் புரியுது. ஆனா வாரியத்தோட பெருமைய நீங்க புரிஞ்சுக்கணும். நான் இந்த நாற்காலிக்கு வந்த நாள்லேர்ந்து, மாத்துன இன்ஜினால ஒரு விபத்து, ஒரே ஒரு விபத்துகூட நடக்கல. வேற எந்தத் துறையாவது இப்படி மார் தட்டிச் சொல்லுமா?"

"பெரிய விஷயம் சார். இதுவரைக்கும் எத்தனை பேருக்கு மாத்த அனுமதி குடுத்திருக்கீங்க?"

"யாருக்கும் குடுக்கல."

"ஒருத்தருக்குக்கூடவா?"

"குடுத்திருந்தா இந்தச் சாதனை இருந்திருக்குமா?" தலைவர் உண்மையாகவே வியந்தார். "ஆனா யாரையும் வெறுங்கையோட அனுப்புனது கெடையாது. எல்லாருக்கும் பரிசீலனை குடுத்திருக்கோம். ரொம்பப் பேர் போதும் போதும்னு சொல்லிட்டுத்தான் போயிருக்காங்க. நீங்க முதல் தரத் தயக்கக்காரர். உங்களுக்காக நாளைக் காலையில நாங்களே நேர்ல வந்து அந்த ஏற்றத்தப் பாக்கிறோம்."

மறுநாள் காலை, மனைவி வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்கு, வாரியம் முழுசும் ஏற்றத்தின் அடியில் வந்து நின்றது. பரிசீலனைக்குரிய வண்டியில் உட்கார்ந்துதான் உறுப்பினர்கள் முடிவெடுக்க வேண்டும் என்று விதி. நால்வரும் ஏறினார்கள். தலைவர் முன்னால். மற்ற மூவரும் பின்னால், மடியில் தோல்பெட்டிகளோடு. கார் பின்பக்கம் தாழ்ந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. மனைவிக்கு இடமில்லை. அவள் வழக்கம்போலத் தன் பையை மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே போட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

பல்செட்டுக்காரர் சோக்கை இழுத்தார், கெஞ்சினார், உறுப்பினர்கள் இருந்ததால் திட்டாமல் விட்டார். வண்டி இரண்டு மின்கம்பம் தூரம் போயிற்று. நின்றது. பின்னால் வழுக்க ஆரம்பித்தது.

"பாத்தீங்களா சார்? இதத்தான் நான் அன்னைக்கே சொன்னேன்!" இவ்வளவு சந்தோஷமாக அவர் எந்தத் தோல்வியையும் அறிவித்ததில்லை. "இப்படித்தான் சார் தினமும்!"

"வழக்கமா இப்போ என்ன பண்ணுவீங்க?" என்று சட்ட உறுப்பினர் கேட்டார்.

"ஏறுறதுக்கு முன்னாடியே அடியில இறக்கி விட்டுடுவேன் சார். அவ நடந்து வந்துடுவா."

"அப்போ வழக்கத்துல நாங்க குறுக்கிடக் கூடாது" என்று தலைவர் கதவைத் திறந்தார். நால்வரும் இறங்கினார்கள். தோல்பெட்டிகளைச் சீட்டில் வைத்தார்கள்.

வண்டி அவரையும், நான்கு தோல்பெட்டிகளையும், ஒரு கைப்பையையும் சுமந்துகொண்டு முனகியபடி உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. மற்ற நாட்களில் அவர் பானெட்டைத் திறந்துவிட்டு ஊரை வேடிக்கை பார்ப்பார். அன்று உறுப்பினர்கள் எங்கே வருகிறார்கள் என்ற பதற்றத்தில் பாதையைப் பார்த்தார். தலைவர் வளைவில் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு நின்றார். ஓசை உறுப்பினர் எழுப்பிய ஓசை உச்சி வரைக்கும் கேட்டது. பொதுமக்கள் பிரதிநிதி நான்கு காலில் வருகிறாரோ என்றுகூடச் சந்தேகமாக இருந்தது. இவர்களைத் தாண்டி மனைவி வந்துகொண்டிருந்தாள். நிற்கவில்லை. "வாயால மூச்சு விடாதீங்க சார், மூக்கால விடுங்க" என்று சட்ட உறுப்பினருக்குச் சொல்லிவிட்டு முந்தினாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். முழங்காலில் ஒரு கையை ஊன்றி ஊன்றி ஏறினாள். அவளுக்கு முழங்கால் வலி உண்டு என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. இவ்வளவு நாளும் அவர் பார்த்ததெல்லாம் உச்சிக்கு வந்து சேர்ந்த பெண்டாட்டியைத்தான். ஏறுகிறவளை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தார். வெட்கமாகப் போய்விட்டது.

வாரியம் வந்து சேர்ந்து, காரில் நெருக்கி உட்கார்ந்து, மூச்சு வாங்கி முடித்து, முடிவெடுத்தது. தலைவர் ஏறும்போது தன் கீழ்வரிசைப் பல்லைக் கழற்றிக் கைக்குட்டையில் சுருட்டி வைத்துவிட்டதால், தீர்ப்பைச் சட்ட உறுப்பினர் வாசித்தார்.

"வாகனம் உச்சிக்கு வந்து சேர்ந்தது. உறுப்பினர்கள் நால்வரும் உச்சிக்கு வந்து சேர்ந்தனர். விண்ணப்பதாரரின் மனைவி அனைவருக்கும் முன்பாகவே வந்து சேர்ந்தார். எவரும் கீழே விடுபடவில்லை. ஆகவே இப்போதுள்ள இன்ஜின் போதுமானது என்று வாரியம் காண்கிறது. குறை இன்ஜினில் இல்லை. ஏற்றத்தில் ஒரு நபர் அதிகம் என்பது மட்டுமே குறை. அந்த நபரை நீக்கிவிட்டால் வாகனம் எந்த மாற்றமும் தேவைப்படாமல் இயங்கும்."

"அந்த நபர் என் மனைவி சார்!" என்று கத்தினார் பல்செட்டுக்காரர்.

தலைவர் பல்லில்லாத வாயைத் திறந்து ஏதோ சொன்னார். சட்ட உறுப்பினர் அதை விளக்கினார். "ஆளக் குறிப்பிட்டுச் சொல்றது வாரியத்தோட வழக்கமில்ல."

மனைவி காருக்குள் கைவிட்டுத் தோல்பெட்டிகளுக்கு அடியிலிருந்து தன் பையை உருவிக்கொண்டு, ஆஸ்பத்திரியைப் பார்க்க நடந்துவிட்டாள். பசியோடு காத்திருப்பவர்கள் அங்கே இருந்தார்கள்.

அன்று சாயங்காலம் பல்செட்டுக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். சாயங்காலம் மட்டும் ஓடுகிற ஆஸ்பத்திரி வேன் அவளை இறக்கிவிட்டுப் போனதும், செருப்பைக்கூட அவிழ்க்க விடாமல் ஆரம்பித்தார். வாரியம் நாசமாய்ப் போகட்டும், அனுமதி இல்லாமலே இன்ஜினை மாட்டிவிடலாம், மெக்கானிக்கிடம் பேசிவிட்டேன், பிடித்தால் பிடிக்கட்டும், பிரேக் போனால் போகட்டும்...

"எனக்கு அந்தத் தீர்ப்பு புடிச்சிருக்கு" என்றாள் அவள்.

அவர் பார்வை தானாகச் சுவரோரப் பெட்டிக்குப் போயிற்று. "அப்போ... நீ அந்த ரூமுக்கே..."

"ஒரு ஆள் அதிகம்னுதானே சொன்னாங்க? எந்த ஆள்னு சொல்லலையே." நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டாள். "எனக்கு வேலை மேல. உங்களுக்கு வேலை இந்த முன்னறையில. தினமும் நீங்க எதுக்குங்க மேல வர்றீங்க?"

பல்செட்டுக்காரர் வாயைத் திறந்தார். வெகுநேரம் தேடி, "வண்டி ஓட்ட" என்றார்.

"அதுக்குத்தான் நான் லைசென்ஸ் எடுத்தேன்."

"இந்த வண்டிக்குக் கைப்பக்குவம்..."

"சோக்க இழுக்கணும், கிளட்ச அரை மனசா விடணும், கெஞ்சணும். இத்தன வருஷமா பக்கத்து சீட்டுல உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்? நீங்க திட்டுறது மட்டும்தான் எனக்கு வராது. அதுவும் பழகிடும்."

அவர் நடந்தார். ஜன்னலைத் திறந்தார், மூடினார். இன்ஜினை மாற்றலாமா கூடாதா என்று அத்தனை நாள் அலைந்தாரே, ஊரே சேர்ந்து பரிசீலித்ததே, ஒரு மடையனுக்காவது இது தோன்றியதா? அவருக்கே தோன்றவில்லையே. தோன்றவிடவில்லை என்பதுதான் சரி. வாரியம் தன் நாற்காலியைக் காப்பாற்றிக்கொண்டது போலத்தான் அவரும் தன் சீட்டைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். தலைவர் அனுமதி கொடுக்காமல் பரிசீலனை கொடுத்தார். இவர் சாவியைக் கொடுக்காமல் சவாரி கொடுத்தார், அதுவும் அடிவாரம் வரைக்கும்.

காலையில் சாவியைக் கொடுத்தார். கொடுத்த பிறகும் பழக்கதோஷத்தில் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஏற்றத்தின் அடியில் அவள் வண்டியை நிறுத்தி, அவரைப் பார்த்தாள். அவர் இறங்கினார். கார் முக்கியது, முனகியது, வளைவில் ஒருமுறை தயங்கியது. "கெஞ்சு, கெஞ்சு!" என்று அவர் கீழே நின்று கத்தினார். அவள் கெஞ்சினாளோ திட்டினாளோ, வண்டி ஏறிப் போய்விட்டது. சத்தம் தேய்ந்து மறைந்தது. அன்று பசியோடு வந்தவர்களுக்குக் காத்திருக்க வேலையில்லாமல் போயிற்று. தலைமை நர்ஸிடம் விடுதி அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பெட்டி பரணுக்குத் திரும்பியது. வேன் இன்ஜினை வேறு யாரோ வாங்கிப்போய், அனுமதிக்குத் தயங்கிக்கொண்டிருப்பதாக மெக்கானிக் சொன்னான்.

வாரியம் அதோடு விட்டுவிடுமா? சில நாளில் ஒரு பிற்பகல் தயக்க அலுவலரே நோட்டீஸோடு வந்தார். மேற்படி வாகனத்தின் முக்கிய உள்ளுறுப்பு ஒன்று அனுமதியின்றி மாற்றப்பட்டுள்ளதாக வாரியத்தின் கவனத்துக்கு வந்திருக்கிறது. மாற்றப்பட்ட உறுப்பு: ஓட்டுநர்.

"அவர் உறுப்பான்னு சட்ட உறுப்பினர் ரெண்டு நாள் யோசிச்சாரு" என்றார் அலுவலர், சங்கடத்தோடு. "அவர் இல்லாம வண்டி ஓடாது, ஓடும்போது உள்ளதான் இருக்காரு. அதனால உள்ளுறுப்புதான்னு முடிவாச்சு. ஆனா நீங்க கவலப்பட வேண்டாம். பழையபடி மாத்திடலாமா, வேண்டாமான்னு நீங்க இப்போ தயங்குறதா நான் எழுதிட்டா, விஷயம் பரிசீலனையில இருக்குன்னு ஆயிடும். அப்புறம் யாரும் தொட முடியாது. தயங்குறீங்கதானே?"

"இல்ல சார்."

"கொஞ்சமாவது?"

"இல்ல."

"சார், நீங்க முதல் தரம்!" என்று பதறினார் அலுவலர். இப்படி ஒரு தயக்கத்தை அவர் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை, இப்போது அது கண்ணெதிரே கெட்டுப்போய்விட்டது. சான்றைத் திரும்ப வாங்கிக்கொண்டு, எந்தச் செருப்பு தன்னுடையது என்று கொஞ்சம் யோசித்துவிட்டுப் போனார்.

பல்செட்டுக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவளிடம் உடனே சொல்ல வேண்டும். சாயங்காலம் வரட்டும் என்று உட்கார்ந்தார், எழுந்தார். நோட்டீஸைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அடிவாரம் வந்தபோதுதான் தன்னிடம் வண்டி இல்லை என்று உறைத்தது. ஏறினார். இரண்டு மின்கம்பம் தாண்டுவதற்குள் நாக்கு வெளியே வந்துவிட்டது. மூக்கால் மூச்சு விட்டுப் பார்த்தார், மூக்கும் ஒத்துழைக்கவில்லை. வளைவில், தலைவர் கட்டிக்கொண்டு நின்ற அதே கல்லின் மேல் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். மழையிலும் வெயிலிலும் இதையா அவள் ஏறிக்கொண்டிருந்தாள்? பையைக் காரில் ஏற்றிக்கொண்டு போனதற்கு அவளிடம் நன்றி வேறு எதிர்பார்த்திருக்கிறார். அவருக்குக் கண் கலங்கியது.

மேலேயிருந்து அவருக்கு நன்றாகத் தெரிந்த முனகல் கேட்டது. கார் இறங்கி வந்து அவரருகில் நின்றது.

"என்னங்க, எங்க கெளம்பிட்டீங்க?"

"உன்னப் பாக்கத்தான்" என்று அவர் நோட்டீஸை எடுத்து நீட்டினார். மூச்சு வாங்கியதால் அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அவள் படித்தாள். உள்ளுறுப்பு என்ற இடத்தில் சிரிக்க ஆரம்பித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதை மடித்துச் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் செருகினாள்.

"ஏறுங்க. இறக்கத்துல ரெண்டு பேரும் தாராளமாப் போகலாம்."

பல்செட்டுக்காரர் போய் ஓட்டுநர் பக்கத்துக் கதவின் பிடியில் கைவைத்தார். உள்ளிருந்து அவள் நிமிர்ந்து பார்த்தாள். கையை ஸ்டீரிங்கிலிருந்து எடுக்கவில்லை.

"அந்தப் பக்கம்" என்றாள்.

அவர் தயங்கவில்லை. சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் ஏறிக்கொண்டார்.